கதவு ஒட்டாத ஃபிரிட்ஜ்

செவ்வாய், இரவு

ஏழாம் மாதத்திலேயே பிறந்த என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். நான் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைக்கும் தாய்ப்பாலை என் வீட்டுக்காரர் தினமும் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இன்று மதியம் நாளைக்கான பாட்டில்களில் ஒன்றைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

விளக்கு எரிந்தது, மோட்டாரும் ஓடியது. அவர் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தார். தடையில்லாமல் வந்துவிட்டது.

"ரப்பர் லூசாயிடிச்சி. எத்தினி நாளா இப்டி இருந்துச்சோ" என்றார்.

காலையில் கொடுத்த பாலும் கெட்டிருந்தால்?

நர்ஸுக்கு ஃபோன் போட்டேன்.

"காலைல குட்த்தத குடிச்சிட்டாம்மா. இதுவரைக்கும் வாந்தி இல்ல, பாத்துக்குனுதான் இருக்கோம். வூட்ல இருக்கறத கீழ ஊத்திடுங்க" என்றாள்.

மூன்று பாட்டில் பாலையும் என் கையாலேயே ஊற்றினேன். அவர் மீன்பிடிப் படகுத் துறைக்கு ஓடி ஐஸ் பெட்டி கொண்டுவந்தார். புதிதாகப் பீய்ச்சியதை அதில் வைத்திருக்கிறோம்.

"பயப்படாதடி, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். ஆனால் ஃபோனின் சத்தத்தை முழுசாகக் கூட்டி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் இன்னும் தூங்கவில்லை.