மாடியிலிருந்து கீழே வரும் கேபிள்

என் கோபக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் என் நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. கையால் எழுதிய கடிதத்தைப் பிரிக்காமல் தூக்கி எறிய உனக்கு மனசு வராது என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. எனக்குத்தான் பத்து நாளாக இருப்புக்கொள்ளவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் மெஷின் ரூமை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

லேப் நீ பார்த்த மாதிரி இல்லை. அன்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் ரத்தம் கொடுத்தால் பெரிது. இப்போது இருநூறைத் தாண்டுகிறது. கீழே வரவேற்பு, முதல் மாடியில் மெஷின் ரூம் என்பது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இரண்டு மெஷின் ஐந்தாகிவிட்டது. அடுத்த மாதம் இரண்டாவது மாடியும் திறக்கிறோம். எல்லாம் வளர்ந்தும், நெட்வொர்க் மட்டும் நீ போன பிறகு நான் வாங்கி மாட்டிய சின்ன வைஃபை டப்பாவிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ஹாலில் நிற்க இடமில்லை. காத்திருந்தவர்கள் எல்லோர் கையிலும் போன், எல்லாம் நம் வைஃபையில். மாடியில் மெஷின் சோதித்த முடிவு கீழே கம்ப்யூட்டருக்கு வரவில்லை. வரவேற்பில் இருக்கும் பெண், “அக்கா, அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கு”ன்னு கத்தினாள். டெக்னீஷியனிடம், சீட்டில் எழுதிக் கொடுங்கள், டைப் அடித்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அவசரத்தில் ஒரு வரி மாறிவிட்டது. ஒரு பஸ் டிரைவரின் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு, ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் ஏறியது. அவளுடைய தொண்ணூற்று இரண்டு இவருக்குப் போனது.

அந்தக் கர்ப்பிணியைப் பார்க்கும் டாக்டரம்மா போன் செய்தார். “இன்சுலின் எழுதப் போனேன். பொண்ணப் பாத்தா நல்லா தெம்பா உக்காந்திருக்கா. மனசு ஒப்பல, திரும்பப் பாருங்க”ன்னார். பார்த்தேன். இரண்டு எண்ணும் இடம் மாறியிருந்தன. அந்தப் பெண் தப்பித்தாள். டிரைவர்? கண் மங்குகிறது என்றுதான் அவர் பரிசோதனைக்கே வந்திருந்தார். போன் அடித்தால் அணைத்து வைத்திருந்தார்.

ஆட்டோ பிடித்து டிப்போவுக்கு ஓடினேன். பஸ் கிளம்பி வாசல் வரை வந்துவிட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை, குறுக்கே போய் நின்றேன். உள்ளே இருந்தவர்கள் திட்டினார்கள். “அண்ணே, இறங்கி வாங்க, உங்க ரிப்போர்ட் தப்பு”ன்னு சொன்னேன். அவர் இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். “நார்மல்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க? அப்ப எதைத்தான் நம்புறது?”ன்னார். அதே ஆட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, மாத்திரையில் நன்றாக இருக்கிறார். அந்தக் கேள்விதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

மறுநாளே நெட்வொர்க் போட இரண்டு பேரைக் கூப்பிட்டேன். முதலில் வந்தவர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். மூன்று தளத்துக்கும் வைஃபை, “ஒரே நாள்ல முடிச்சிடலாம் மேடம், ஒரு கம்பி வெளிய தெரியாது”ன்னார். கேட்க இனிப்பாக இருந்தது. அடுத்து வந்தவர் தோளில் ஏணியோடு வந்த கேபிள்காரர். உட்காரச் சொன்னால் உட்காராமல் ஒவ்வொரு அறையாக அளந்தார். ஹாலில் இருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “மெஷினும் இவங்க போனும் ஒரே வழியில போகுதா? ஆம்புலன்ஸை சந்தைக்குள்ள விட்ட மாதிரி இருக்குமே”ன்னார். மெஷின்களுக்கு கேபிள்தான், ஆனால் பத்து நாள் ஆகும், அதில் நாலு நாள் மூட வேண்டிவரும் என்றார். நாலு நாளா? வருகிறவர்கள் வேறு லேப் பார்த்துப் போய்விட்டால்? சட்டைக்காரரிடமே சரி என்று சொல்ல இருந்தேன்.

அதற்குள் கேபிள்காரர், பழைய லைன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, ஹாலில் நான் போட்ட தடுப்புப் பலகையைக் கழற்றினார். உள்ளே நீ இழுத்த கேபிள். “மாடியிலிருந்து” என்று உன் கோணல் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி, பலகைக்குத் தச்சர் அடித்த ஆணி கேபிளின் நடுவில் இறங்கியிருக்கிறது. “போட்டவர் நல்லா போட்டிருக்காரு. அடிச்சவங்கதான் பாக்கல”ன்னார் கேபிள்காரர்.

தம்பி, அந்தப் பலகையைப் போடச் சொன்னது நான். அது போட்ட இரண்டாம் நாள்தான் ரிசல்ட் வராமல் நின்றது. நீ, “அக்கா, லைன் உள்ளதான் செத்திருக்கு, பலகையைத் திறந்து பாப்போம்”னு சொன்னாய். உன் தப்பை மறைக்க என் சுவரை இடிக்கச் சொல்கிறாயா என்று அத்தனை பேர் முன்னால் நான் கேட்டேன். அன்று உன் முகம் போன போக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. அப்போது திறந்திருந்தால் டிரைவரின் தாளும் மாறியிருக்காது.

அன்று இருந்தவர்களை அதே ஹாலில் நிற்கவைத்து, அந்த ஆணியைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அன்று போலவே அங்கே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கேபிள்காரருக்கே வேலையைக் கொடுத்துவிட்டேன். ஐந்து மெஷினுக்கும் தனித்தனி கேபிள். தளத்துக்குத் தளம் ஃபைபர் கேபிள். இண்டர்நெட் இரண்டு கம்பெனியிடமிருந்து, ஒன்று விழுந்தால் இன்னொன்று. காத்திருப்பவர்களுக்கு வைஃபை தனியாக. மெஷின் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது. சரிதானா? எனக்கு இதெல்லாம் உன்னளவு தெரியாது. படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். தப்பிருந்தால் அடித்து எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

திங்கட்கிழமை ஆரம்பித்துப் பத்து நாளில் முடியும். கடைசியில் லைனைச் சோதிக்க, மாடியிலிருந்து ஒருவர் அனுப்ப வேண்டும், கீழே ஒருவர் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கீழே நான் நிற்பேன். மாடியில் நிற்க இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வந்தாலும் வராவிட்டாலும் நன்றாக இரு.

உன் அக்கா