காலிக் குழாய்

ஜூலை 9, புதன், இரவு.

மாலையில் மல்காஜ்கிரியிலிருந்து சர்ச் நண்பரின் மகள் ஷீபா போன் செய்தாள். அடுக்குப் படிகங்களில் கலந்திருக்கும் இரும்பைக் காந்தப் புலத்தில் வைத்து ஆராய்கிறாள். முப்பது வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலை.

"அங்கிள், உங்க பேப்பர் கிராஃப்ல ரெண்டாவதா ஒரு கோடு இருக்கே, அது எங்களுக்குப் படிகமே இல்லாத காலிக் குழாயிலயும் வருது. கண்ணாடியில இருக்கிற இரும்போ என்னமோ. நீங்க காலிக் குழாயை அளந்தீங்கல்ல?"

"அளக்காம எழுதுவேனாம்மா?" என்றேன்.

"ஹவ், ஆமா, அதானே. அப்ப தப்பு எங்கிட்டதான். இன்னும் ஆறு மாசம் குழாய் கழுவணும்" என்று சிரித்தாள்.

போனை வைத்ததும் பழைய நோட்டை எடுத்தேன். எல்லா நாளும் முதலில் காலிக் குழாய், பிறகு படிகம். அந்த இரண்டாவது கோடு வந்த ஒரு நாள் மட்டும் படிகத்தில் தொடங்குகிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன். பக்கம் எதுவும் கிழியவில்லை. குறித்து வைக்காமல் நான் எதையும் அளந்ததில்லை.

சாப்பிடும்போது வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி மேரி, "அந்தப் புள்ளைகிட்ட சொல்லிடுங்களேன், தலையையா வாங்கிடுவா?" என்றாள்.

எட்டரைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஷீபா, "எங்க சார் உங்க பேப்பரைத்தான் நம்புவார் அங்கிள். இதை எழுத்துல தருவீங்களா?" என்று கேட்டாள். தருகிறேன் என்றேன்.

நான்கு முறை எழுதிக் கிழித்தாயிற்று. நான்கிலும் 'அளந்ததாக நினைவில்லை' என்றே எழுதியிருக்கிறேன். அளக்கவில்லை என்று எழுத வேண்டும்.