மருந்தில் தங்கிய செம்பு

என்னங்க,

உங்கள் ஆராய்ச்சி மாணவி மதியம் வீட்டுக்கு வந்தாள். புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது உங்கள் புது மருந்து இல்லையாம். தயாரிக்கும்போது அதில் தங்கிவிட்ட செம்பாம். செம்பை நீக்கி மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறாள். செல்கள் சாகவில்லை.

"சார்கிட்ட சொல்லலையா?"

"ரூம் கதவு வரைக்கும் போனேன்க்கா. தட்டத் தைரியம் வரல."

நானும் ஒருமுறை அதே கதவைத் தட்டாமல் திரும்பியவள்தான். குழந்தைக்காக ஆராய்ச்சியை விட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னது நீங்கள்.

அந்த மருந்தைப் பற்றிய கட்டுரையில் பெயருள்ள எல்லாருக்கும் இதை மின்னஞ்சலில் அவளை எழுத வைத்தேன். அனுப்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கோபம் என்மேல் இருக்கட்டும்.

நாளை மாநாட்டு மேடையில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு வீட்டுக்கு வாருங்கள். அன்று நான் கண்டுபிடித்த தவறு எதுவென்று சொல்கிறேன்.

உங்கள் முதல் மாணவி