தோதா பிழைத்துக்கொண்டாள்

புனித மார்ட்டினார் திருநாளுக்கு முந்திய வாரம்

அன்புள்ள அக்கா மூனியாவுக்கு, தங்கை ஒனேகா எழுதுவது.

ஆண்டவர் தயவால் உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன், நம்பாதே. அரண்மனைக் குருவானவரை எழுதச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஆயர் காதுக்குப் போய்விடும். அதனால் நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், சிரித்துக்கொள்.

ஆயரும் பிரபுக்களும் அடங்கிய சபை கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் இனி ராணி இல்லை. ராஜாவுக்கு மனைவியும் இல்லை. அவருக்கு நான் சகோதரி முறையாம். மூன்று பெண் பெற்ற பிறகு கண்டுபிடித்திருக்கிறார்கள்.

என் பழைய கடிதங்கள் கிடைத்தனவோ, உனக்கு யார் எப்படிச் சொன்னார்களோ தெரியாது, அதனால் மறுபடியும் சொல்கிறேன். சின்னவள் தோதா பிறந்தபோது ராஜா எல்லைப் போரில் இருந்தார். குழந்தை பால் குடிக்கவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் வாங்கி ஞானத்தாயாக நிற்க வேண்டிய எல்விரா சீமாட்டி ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொண்டாள். என் தோழி கோதினாதான் அவசரப்படுத்தினாள். "யாருக்காகம்மா காத்துட்டிருக்கீங்க? பிள்ளை ஞானஸ்நானம் இல்லாம போயிட்டா உங்களுக்குத் தூக்கம் வருமா? நீங்களே கையில வாங்குங்க" என்றாள். குருவானவரும் தடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதும் திருத்தொட்டியிலிருந்து நானே அவளை வாங்கினேன். பெற்றவள் வாங்கக் கூடாது, வாங்கினால் ஞானத்தாய் ஆகிவிடுவாள், ஞானத்தாயும் குழந்தையின் அப்பனும் உடன்பிறந்த முறை என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் எந்த அம்மாவுக்கு முறை ஞாபகம் வரும்?

சாகக் கிடக்கும் குழந்தைக்கு விலக்கு உண்டு என்று சபையில் கெஞ்சினேன். ஆயர் தாடியைத் தடவிக்கொண்டு, "சாகக் கிடந்த பிள்ளை எங்க? அதோ, பல்லு முளைச்சு சிரிச்சிட்டிருக்கே. அப்ப ஆபத்தே இல்லேன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அக்கா. தோதா பிழைத்துக்கொண்டதுதான் எனக்கு எதிரான சாட்சி. செத்திருந்தால் நான் இன்றைக்கும் ராணி.

ராஜா அங்கே வாயே திறக்கவில்லை. வெளியே வந்த பிறகு, "நான் என்ன பண்றது ஒனேகா, சபை சொன்னா கட்டுப்பட வேண்டாமா?" என்றார். இவர் யாருக்காவது கட்டுப்பட்டு நான் பார்த்ததே இல்லை. நம் அப்பாவின் குதிரை லாயத்தில் என்னைப் பார்த்துவிட்டு, மலைக்காரி வேண்டாம் என்று தன்னைப் பெற்ற தாய் அழுதும் கேட்காமல் கட்டிக்கொண்டவர். பக்கத்துக் கோட்டைப் பிரபுவுக்கு ஒரு மகள் இருக்கிறாள். சின்ன வயது, கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் ஆண். எனக்கோ மூன்றும் பெண். கோதினா இப்போது அவளுடைய கல்யாண உடுப்புகளை மேற்பார்க்கப் போய்விட்டாள். நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை.

தீர்ப்பின் கீழே அத்தானின் முத்திரையும் இருக்கிறது. பார்த்தேன். அதற்காக அவரிடம் சண்டை பிடிக்காதே. உங்கள் நிலம் ராஜா கொடுத்தது, அவர்தான் என்ன செய்வார்.

மூத்த பெண்கள் இருவரையும் அரண்மனையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். சம்பந்தம் பேச உதவுவார்களே. திருநாள் கழிந்ததும் என்னைக் கன்னியர் மடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கைக்குழந்தைக்கு இடமில்லை. தோதாவைப் பற்றி இங்கே ஒருவருக்கும் அக்கறை இல்லை. புதுப்பெண் வந்த வீட்டில் இவள் ராத்திரி இருமினால் யார் எழுந்து பார்ப்பார்கள்? நேற்று சமையல்காரி என் காது படவே, "அது போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

அவளை நீ எடுத்து வளர்க்க வேண்டும். தாய்வழி உறவுக்காரர் வந்து கேட்டால் பிள்ளையைக் கொடுத்துவிடுவது நம் பக்கத்து வழக்கம்தானே. ராஜாவிடம் சொன்னேன். "தாராளமா கூட்டிட்டுப் போகட்டும். உங்க அத்தான் நேர்ல வந்து கேட்கணும். அவர் கேட்பாரா?" என்றார். போன இரண்டு கடிதங்களிலும் இதைத்தான் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை.

தோதா அதிகம் தொந்தரவு தரமாட்டாள். ஆட்டுப்பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தால் சாப்பிடுவாள். குளிர் பட்டால் இடது காதில் சீழ் வரும், கம்பளித் துணியால் மூடி வை. யாரிடம் வேண்டுமானாலும் போய்விடுவாள். என்னை மறப்பதற்கு அவளுக்கு அதிக நாள் ஆகாது.

உன் பிள்ளைகளை ஆண்டவர் காப்பாற்றட்டும். உன் வீட்டுக் கணப்பு என்றைக்கும் அணையாமல் இருக்கட்டும். இதைக் கொண்டுவருகிறவர் சந்தியாகப்பர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் யாத்ரீகர், நல்ல மனிதர். சூடாக ஏதாவது குடிக்கக் கொடு. அத்தான் முடியாது என்று சொல்லிவிட்டால் மட்டும் அதை எனக்கு எழுதாதே. கணவாயில் பனி விழுந்து வழி அடைந்துவிட்டது, இந்தக் கடிதமும் உன் கைக்கு வந்து சேரவில்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை
ஒனேகா