மேற்கே திரும்பிய பேனல்கள்

என் வாலுக்குட்டிக்கு,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை, அது வேறு விஷயம். இங்கே நானும் என் அக்காவும், அதான் உன் அம்மாவும், சாப்பிட்டுத் தூங்கி, வழக்கம்போல் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் குறையில்லாமல் இருந்தால் எனக்கு நிம்மதி. மொட்டை மாடியில் சோலார் பேனல் ஏறிவிட்டது கண்ணு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நிற்காதவர்களை நான் நிறுத்திக் காட்டுகிறேன்.

சாயங்காலம் நாலு மணி ஆனால் கரண்ட் போவதும், அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு மூச்சு இழுப்பதும் உனக்குத் தெரிந்ததுதான். ஆக்ஸிஜன் மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டுவதற்குள் நம் பழைய பேட்டரிக்கே மூச்சு வாங்கிவிடுகிறது. அதற்கப்புறம் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருப்பாள், நான் அட்டையால் விசிறிக்கொண்டு இருப்பேன். அதற்காகத்தானே நீ போன் மேல் போன் போட்டு இந்தப் பேனலை வைக்கச் சொன்னாய். கரண்ட் வரும்வரை மெஷின் நிற்கக் கூடாது, நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் நல்ல மனுஷர், ஆனால் என்னிடமே பேசி ஜெயிக்கப் பார்த்தார், பாவம். தெற்கே பார்த்து வச்சு லேசா சாய்ச்சா போதும், வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தா அதுலதான் கரண்ட் அதிகம் என்றார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டுவிட்டாலும் சூரியனை விடவில்லையே. தெற்கு எதுன்னு நான் காட்டறேன் என்று போனில் திசைகாட்டியைத் திறந்து, ஆடாமல் இருக்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டு மேல் வைத்தேன். அது காட்டிய பக்கம் சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டேன். அவர் ட்ரில்லைக் கையில் பிடித்தபடி, ஐயா, இப்படி வச்சா இது பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்க்கும், இரும்பு மேல வச்சா முள்ளு எப்படிங்க ஒழுங்கா காட்டும் என்றார். உங்களைச் சோதிக்கத்தான் அப்படி வைத்தேன் என்றேன். பாஸ் ஆயிட்டேனா என்று கேட்டார். ஆயாச்சு என்று கை கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் உன் அம்மா விறுவிறுவென்று மாடி ஏறி வந்தாள், கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. ரெண்டு பேரும் வருஷக் கணக்கு பேசறீங்க, எனக்கு வேண்டியது நாலு மணிக்கு, அப்போ வெயில் எங்க நிக்குதோ அங்க திருப்பி வைங்க என்று மேற்கே கையை நீட்டினாள். எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். மொத்தத்துல கொஞ்சம் குறையும்மா, ஆனா சாயங்காலம் நல்லா வரும், சாய்வையும் சேர்த்து ஏத்திட்டா இறங்கற வெயில் நேரா விழும் என்றார். இதைத்தான் நானும் சொல்ல வாயெடுத்தேன். உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு நான் அளவு சொல்லச் சொல்ல அவர் முடுக்கினார். முப்பது டிகிரி. என் கையால் பார்த்தது, ஒரு நூல் பிசகாது.

நேற்று நாலு மணிக்குக் கரண்ட் போனது. மெஷின் நிற்கவில்லை. இன்னும் ஓடுதாடா, இன்னும் ஓடுதாடா என்று கேட்டுக்கொண்டே அக்கா தூங்கிவிட்டாள். வெயில் சாய்ந்ததும் பேட்டரி கை கொடுத்தது, அது தீர்வதற்குள் கரண்டும் வந்துவிட்டது. சாயங்காலத்தில் அவள் கண்ணயர்ந்து எவ்வளவு காலமாயிற்று. நான் பக்கத்திலேயே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே. எல்லா நல்லதும் உன்னைத் தேடி வரட்டும், வழி தெரியாமல் நின்றால் நான் பிடித்து அனுப்பி வைக்கிறேன். நாலு மணிக்குள் அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே.

மேலே எழுதியதில் ஒன்று மட்டும் நான் இட்டுக்கட்டியது கண்ணு. அம்மா மாடிக்கு வரவில்லை. அவள் படியேறி மாதக்கணக்காகிறது. நாளெல்லாம் ஜன்னலோர நாற்காலியிலேயே இருப்பதால் எந்த நேரத்துக்கு வெயில் எந்தச் சுவரில் இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். எங்கள் இருவரையும் கீழே கூப்பிட்டு, அங்கே உட்கார்ந்தபடிதான் கையைக் காட்டினாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுநடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். நான் மாடிக்கு வந்தேன்னு எழுதுடா, இல்லேன்னா அவ பயந்துடுவா என்றாள். எழுதிவிட்டேன். லீவு கேட்டுப் பார், கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த
மாமா