கங்காணிக்குச் சொன்ன வைத்தியம்

13 மார்ச், வியாழன்

இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய கங்காணி மாணிக்கம், பிரிஞ்சாங் சந்தையில் வாங்கிய ஆரஞ்சோடு என் தங்கை கமலாவைப் பார்க்க வந்தார். தேயிலைக்கு மருந்தடிக்க மாஸ்க் கேட்டவளை, "இஷ்டம் இல்லன்னா வீட்ல உட்காரு லா" என்று இருபது வருஷம் விரட்டியவர்.

"கமலாவோட ரத்தப் புத்துநோய்க்கு என்ன வைத்தியம், டீச்சர்?" என்று என்னைக் கேட்டார்.

பொறுமையாக விளக்கினேன். "அவ ரத்தத்துல இருக்கிற காவல் செல்லை எடுத்து, புத்துநோயோட அடையாளத்தைச் சொல்லிக் கொடுத்து, திரும்ப ஏத்திட்டாங்க. 'அ' படிச்ச பிள்ளை கடை போர்டுலயெல்லாம் அதைக் கண்டுபிடிக்குமே, அப்படி. எங்க ஒளிஞ்சாலும் தேடிக் கொல்லும்."

அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் கையில் டீக்கோப்பை நடுங்கியது.

அவர் போனபின் கமலா கேட்டாள்: "அக்கா, பாடம் செல்லுக்கா, அவருக்கா?"

அடுத்த வாரம் சோதனை முடிவு வரும். அவள் பிழைத்தால் அவரை மன்னித்துவிடலாம் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். இன்று அந்த நடுக்கம் எனக்குப் பிடித்திருந்தது.