குறுமண்வெளித் துறையில் எடுக்காத முதற்காட்சி

இன்று காலை குறுமண்வெளித் துறைக்குப் போகும் ஒழுங்கையில் ஓட்டோ திரும்பியதுமே அந்த வாடை மூக்கில் அடித்தது. வாவித் தண்ணீர் வடிந்து, கரையோரச் சேறு வெயிலில் காயத் தொடங்கும்போது வருகிற வாடை. இறங்கிப் பார்க்காமலே விளங்கிவிட்டது, முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் இறங்கிவிட்டது, இந்த முறையும் நான் பிந்திவிட்டேன். கமராவை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தேன். உன் நினைவு வந்தது. ஆனால் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பாதி உன்மேல், பாதி என்மேல்.

நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாம் சேர்ந்து எடுத்த படத்தின் தொடக்கத்தை உன் திட்டப்படி எடுத்துச் சேர்த்த பிறகுதான் ஒப்படைப்பேன் என்று கம்பஸில் விரிவுரையாளர்களிடம் கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கினேன். வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். தண்ணீர் திரும்ப ஏற அடுத்த மாரி வரவேண்டும். அதுவரை எனக்காக யார் காத்திருப்பார்கள்?

நம் கதை சின்னதுதான். கலியாணம் முடித்த பெண்ணொருத்தி, தாய் சீதனமாகக் கொடுத்த தையல் மெசினோடு வாவியைக் கடந்து மண்டூருக்கு வாழப் போகிறாள். அதை எங்கே தொடங்குவது என்பதில்தான் நாம் மூன்று வாரம் சண்டை பிடித்தோம். தாய் மெசினைத் துடைத்துக் கட்டும்போது மகள் யன்னலோரம் நின்று அழுகிற முகத்தில் தொடங்கவேண்டும் என்றேன் நான். நீ கொப்பியை மூடிவிட்டுச் சிரித்தாய்.

"முதல் ஷாட்டிலேயே அழ வச்சா மறுகா என்னத்தக் காட்டுவாய்? படம் முடியிறதுக்குள்ள கண்ணீர் தீந்திரும்டி."

உனக்குத் துறைதான் வேண்டும். நாங்கள் 'பாதை' என்று சொல்லும் அந்தத் தட்டையான இயந்திரப் படகில், மோட்டார் சைக்கிள்களுக்கும் மரக்கறி மூட்டைகளுக்கும் நடுவே மெசின் நிற்கவேண்டும். காலில் சில்லுப் பூட்டிய அந்த மெசினை அவள் துறையிலிருந்து உருட்டிக்கொண்டு பாதைக்குள் ஏறவேண்டும். அவளுக்குப் பின்னால், கமரா குலுங்காமல் உருளவென்று ஒரு சக்கர நாற்காலியில் கமராவோடு நீ, உன்னைத் தள்ளிக்கொண்டு நான். வெட்டே இல்லாமல், நிலத்தில் தொடங்கித் தண்ணீரில் முடிகிற ஒரே ஷாட்.

இதற்காகப் புளியந்தீவிலிருந்து பதினொரு நாள் பஸ் ஏறி வந்தாய். எத்தனை மணிக்கு வெயில் மெசினின் சக்கரத்தில் விழும், பாதையின் எந்த நடைக்குச் சனம் குறைவு, பாதைக்கார அண்ணன் எப்போது தேத்தண்ணி குடிக்கப் போவார், எல்லாம் உன் கொப்பியில் இருந்தது. அளவு நாடாவால் துறையையும் அளந்தாய். அந்த மழைக் காலத்தில் வாவி நிரம்பி, பாதையின் பலகையும் துறையின் கொங்கிறீற்றும் ஒரே மட்டத்துக்கு வந்திருந்தன. சக்கரம் தட்டாமல் உருளும். "பார், கடவுள் எங்களுக்காகத் தண்ணிய ஏத்தி வச்சிரிக்கார்" என்று துள்ளினாய். பதினொரு நாளும் பார்த்தவள், அந்தத் தண்ணீர் எத்தனை நாளைக்கு அப்படியே நிற்கும் என்று ஒருவரையாவது கேட்டாயா? பிறந்தது முதல் வாவியைப் பார்த்து வளர்ந்தவள் நீ. ஆனால் டவுன்காரி. உனக்கு அது எப்போதும் அங்கேயே இருக்கிற ஒன்று.

எங்களுக்கு அப்படியில்லை. மாரியில் மணல் மூடிய முகத்துவாரத்தால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் வாவி ஏறும், ஏறி வயலுக்குள் வரும். அப்போது விவசாயிகள் போய்க் கூட்டம் வைத்துக் கேட்பார்கள், அதிகாரிகள் பெக்கோ மெசினைக் கொண்டுவந்து மணலை வெட்டிவிடுவார்கள். வெட்டி இரண்டாம் நாள் மண்டூர்ப் பக்கம் தண்ணீர் இறங்கும். இது எங்கள் வீட்டில் சோறு கறி மாதிரிச் சாதாரணப் பேச்சு.

போன வருஷம், நம் படப்பிடிப்புக்கு மூன்று நாள் முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து சாப்பிட இருந்தார். "நாளைக்கு வெட்டுறாங்க. இன்னும் ரெண்டு நாள் போனா வட்டை முழுக்க அழுகிரும்" என்றார். எங்கள் வயல்வெளி முழுதும் கதிர் வரும் பருவத்தில் தண்ணீருக்குள் நின்றது. எனக்கும் சந்தோசம்தான். அடுத்த வாய் சோற்றை எடுக்கும்போது புதன்கிழமைப் படப்பிடிப்பு நினைவுக்கு வந்தது. கைபேசி பக்கத்திலேயே கிடந்தது.

நான் எடுக்கவில்லை. மறந்து போகவில்லை, எடுக்கவில்லை. உன் ஷாட் கெட்டால் என் ஷாட் வரும் என்று நினைத்தேன். இவ்வளவு கேவலமான நினைப்பு எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் இருந்தது.

புதன்கிழமை, களுதாவளையில் தையல்கார அக்காவிடம் இரவல் வாங்கிய மெசினோடு துறைக்கு வந்தோம். பாதை கீழே கிடந்தது, துறையிலிருந்து இரண்டடிக்கு மேல் பள்ளம். ஆட்கள் ஏறி இறங்கச் சரிவாய் ஒரு பலகை போட்டிருந்தார்கள். நீ சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றுவிட்டாய்.

"என்னண்ணன், தண்ணி எங்க?"

"முகத்துவாரம் வெட்டியாச்சே தங்கச்சி. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் பாதைக்கார அண்ணன்.

நீ என் பக்கம் கிறுகிப் பார்த்தாய். "உன்ட ஊர்தானே. உங்கட அப்பா வெள்ளாமை செய்யிறவர்தானே. உனக்குத் தெரியாதா?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றேன். கோபம் வந்தவள் மாதிரிக் குரலை உயர்த்தியே சொன்னேன்.

நீ நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. கொப்பியைப் பைக்குள் வைத்தாய். அடுத்த கிழமை என் அழுகைக் காட்சியை எடுத்தோம். நீ வந்தாய், வெளிச்சத்துக்கு வெள்ளை றெஜிபோம் பலகையைக் கை நோகப் பிடித்தாய், சொன்ன இடத்தில் நின்றாய். என்னோடு வேலைக் கதை தவிர வேறு கதை இல்லை. அந்தக் காட்சியை இப்போது பார்த்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. அந்தப் பிள்ளை அழுகிறாள், ஏன் அழுகிறாள் என்று பார்க்கிறவருக்குத் தெரிவதற்கு முன்பே அழுகிறாள். நீ சொன்னதுதான் சரி. அதைச் சொல்ல நீ இல்லை என்பதும் எனக்கு எரிச்சல்தான்.

இந்த வருஷம் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். செவ்வாய் வெட்டுகிறார்கள் என்று அவரும் சொன்னார். கமராவோ வியாழன்தான் கிடைக்கும் என்று கம்பஸில் சொன்னார்கள். "ரெண்டு நாள் பிந்தி வெட்டச் சொல்லுங்க அப்பா" என்று கேட்டேன். வயலில் நின்றுவிட்டு வந்த சேற்றுக் காலோடு அவர் என்னைப் பார்த்த பார்வை! "என்ன விசர்க் கதை புள்ள இது?" என்றார். அப்போதுதான் போன வருஷம் நடந்ததை முழுதாகச் சொன்னேன், முதல் தடவையாக, ஒரு மனிதருக்கு. அவர் ஏசவில்லை. காலைக் கழுவிக்கொண்டே, "அந்தப் புள்ளைக்குச் சொல்லியிரிக்கலாம்தானே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வியாழன் காத்திருந்து கமராவை வாங்கி, வெள்ளியான இன்று வந்தால், போன வருஷம் பார்த்த அதே பள்ளம். "பலகை போட்டுத் தரவா?" என்று கேட்டார் அண்ணன். வேண்டாம் என்றேன். அது உன் ஷாட் இல்லை. திங்கட்கிழமை படம் என் அழுகையோடுதான் போகும். எழுத்து ஓடும்போது உன் பெயருக்குப் பக்கத்தில் எதைப் போடுவது என்று இன்னும் தெரியவில்லை.

உனக்குச் சொல்லவேண்டியது வேறு ஒன்று. டெங்குக் காய்ச்சலோடு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, மூன்றாம் நாள் பார்க்க வந்தேன். உன் அம்மா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வரும் வழியெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். நீ என்னை முந்திவிட்டாய். ஊசி ஏற்றிய கையால் என் விரலைப் பிடித்து, "அண்டைக்குத் துறையில உன்னச் சந்தேகப்பட்டிட்டன்டி. குறை நினைக்காத, என்ன" என்றாய்.

நான் உன் கையைத் தடவிக் கொடுத்தேன். "பரவாயில்லடி, விடு" என்றேன்.

நீ ஆறுதலாகக் கண்ணை மூடினாய். சுகமாகி வரட்டும், பிறகு சொல்வோம் என்று வீட்டுக்கு வந்தேன். உன்னிடம் நான் கேட்டிருக்கவேண்டிய மன்னிப்பை நீ என்னிடம் கேட்டாய், நான் கொடுத்தேன்.